ஏரி நடுவே வந்த பேச்சு

மாமியாரின் ஒரு கால் படகிலும் ஒரு கால் பலகைத் துறையிலும் இருந்தது. படகுக்காரர் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா, ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு எனக்கும் தெரியும். நீ முதல்ல கையை விடு."

பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்ற குரல் அது. படகுக்காரர் சட்டென்று கையை விட்டார். மாமியார் முன் இருக்கையில் தொப்பென்று உட்கார, கயாக் என்ற அந்த ஒல்லிப் படகு ஓர் ஆட்டம் ஆடி அடங்கியது.

பின் இருக்கையில் மகள் உட்காருவதாகத்தான் ஏற்பாடு. விடுமுறை என்று எல்லாரையும் மலைக்குக் கிளப்பிக்கொண்டு வந்தவளே அவள்தான். ஆனால் பச்சைத் தண்ணீரை ஒருமுறை எட்டிப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"என்னால முடியாதுங்க. நீங்க போங்க."

"நானா?" என்றான் அவள் கணவன்.

அவனுக்கும் மாமியாருக்கும் சண்டை கிடையாது. சண்டை போடவாவது பேச வேண்டுமே. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரிலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பான். "அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்பார் மகளிடம். மகள் தானே மாப்பிள்ளை தேடிக்கொண்டாள் என்ற கோபம். அதிலும் பல் டாக்டராக இருந்தால்கூடப் பரவாயில்லை, டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவன். மாமியாரின் கீழ்ப்பல் செட்டும் அவன் கைவேலைதான். அப்போதும், "இடது பக்கம் உறுத்துதுன்னு பல்லுக்காரர்கிட்ட சொல்லு" என்று மகள் வழியாகத்தான் புகார் வந்தது.

ஏறி உட்கார்ந்தான். படகுக்காரர் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

கொஞ்ச தூரம் போனதும் படகு ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. மாமியார் கரையைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்: "ஏய்! அவரை இடது பக்கம் போடச் சொல்லு!"

கரையில் மகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குஷியாகக் கையசைக்கிறார்கள் என்று நினைத்து, அவளும் கையசைத்துவிட்டுப் போட்டோ எடுத்தாள். படகு இன்னொரு சுற்றுச் சுற்றியது. மலையும் கரையும் மரங்களும் வரிசையாக வந்து போயின. மாமியார் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, இடது பக்கம் போடுங்க."

அவன் துடுப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நிறுத்தச் சொல்லலை. போடச் சொன்னேன்."

"சரிங்க அத்தை," என்று அவசரமாகப் போட்டான். துடுப்பு தண்ணீரை வாரி மாமியார் முதுகு முழுக்க அடித்தது. செத்தோம் என்று நினைத்தான். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவனும் அடக்க முடியாமல் சிரித்தான்.

ஏரி நடுவில் இருவரும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்கள். படகு தன் போக்கில் மிதந்தது.

"பல்லு நல்லா இருக்கு," என்றார் மாமியார், திரும்பாமலே.

"உறுத்தலையா?"

"அது எப்பவோ சரியாப்போச்சு. நான்தான் சொல்லலை." "முதல்ல கோவத்துல பேசாம இருந்தேன். கோவம் போயி ரொம்ப நாளாச்சு. அப்புறம் திடீர்னு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ஒரு கூச்சம். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம்னு தள்ளிக்கிட்டே போயிடுச்சு."

அவன் மடியில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

"அவளை நல்லா வச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும்."

"அந்தக் கரை வரைக்கும் போயிட்டு வரலாமா அத்தை?" என்றான்.

"போங்க. யாரு வேணாம்னா?"

திரும்பி வந்ததும் மனைவி ஓடிவந்தாள். "அப்படி என்ன சிரிப்பு ரெண்டு பேருக்கும்?"

"ஒண்ணுமில்லை. உன் புருஷன் என்னைக் குளிப்பாட்டிட்டார்," என்றார் மாமியார். மற்றதை ராத்திரி நிதானமாகச் சொல்லலாம் என்று அவனும் விட்டுவிட்டான்.

உடை மாற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, மலை விளிம்பில் இருந்த காட்சி முனைக்குப் போனார்கள். மாமியார் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, "நல்ல காத்து," என்றார். மனைவி டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கடைப் பக்கம் போனாள். பள்ளத்தாக்கில் மேகத்தின் நிழல் ஒவ்வொரு வயலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமியாரின் தலை மெல்ல அவன் தோளில் சாய்ந்தது.

காலையில் துடுப்புப் போட்ட களைப்பு என்று நினைத்தான். எழுப்பிவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தான். தோள் மரத்துப்போனது. மூக்கில் ஒரு பூச்சி உட்கார்ந்தபோதும் ஓட்டவில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மனைவி டீயோடு வந்தாள். "அம்மா தூங்கிட்டாங்களா?"

"மெதுவாப் பேசு," என்றான்.

அவள் குனிந்து அம்மாவின் கையைத் தொட்டாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

மலையில் இருந்த சிறிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதயம்தான் நின்னுபோச்சு. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது," என்றார். நர்ஸ் மாமியாரின் பல் செட்டை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, திரும்பப் பொருத்த வரவில்லை என்று கையைப் பிசைந்தாள். அவன் அதை வாங்கிக் கழுவினான். மாமியாரின் தாடையை ஒரு கையால் தாங்கி, இடது பக்கம் முதலில் அமர்த்தி, பிறகு வலது பக்கம் அழுத்தினான். ஒடுங்கியிருந்த முகம் பழையபடி ஆனது. இன்னும் கொஞ்சம் விட்டால் யாரையாவது அதட்டுவார் போலிருந்தது.

மனைவியின் அண்ணன் போனில் சத்தம் போட்டார். "யாரைக் கேட்டு இந்த வயசுல அவங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போனே?" அவள் போனை அணைத்தாள். அதன்பிறகு யாரிடமும் பேசவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் முன்னால் போக, இவர்கள் கார் பின்னால் இறங்கியது. நாலைந்து வளைவு தாண்டியதும் அவள் வாய் திறந்தாள்.

"வரமாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் இழுத்துட்டு வந்தேன். மனசுல என்ன குறையோட போனாங்களோ."

இப்போது போய்ச் சொன்னால், சமாதானத்துக்குக் கதை கட்டுவதாக நினைப்பாளோ என்று அவன் தயங்கினான். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டான். படகு சுற்றியது, இடது பக்கம் போடச் சொன்னது, பல் நன்றாக இருக்கிறது என்றது, கோபம் எப்போதோ போய்விட்டது என்றது, கடைசியில் அவளைப் பற்றிச் சொன்னது வரை.

"உங்ககிட்டயா? நேராவா?"

"நேராத்தான். மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாங்க."

அவள் வெளியே பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"பல்லு நல்லா இருக்குன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"என்கிட்ட போன வாரம்கூடக் குறை சொன்னாங்களே!" அழுகைக்கு நடுவில் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முதல்லேருந்து சொல்லுங்க. அம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னான். "நிறுத்தச் சொல்லலை" என்ற இடத்தை இன்னொரு தடவை கேட்டாள்.

அடிவாரம் நெருங்க நெருங்க வெயில் ஏறியது. ஆம்புலன்ஸ்காரர் ஒரு கடையோரம் நிறுத்தி டீ குடித்தார். அவள் இறங்கிப்போய் ஒரு பன் வாங்கி வந்தாள். வண்டி கிளம்பியதும் காகிதத்தைப் பிரித்து, ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு மெதுவாக மென்றாள். இன்னொரு துண்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே வந்த கொண்டை ஊசி வளைவை அவன் திருப்பி முடிக்கட்டும் என்று காத்திருந்து, அவன் வாயில் வைத்தாள்.