கால் பங்கு மை

கடையில் எல்லோரும் அவனைப் புரொபசர் என்றே கூப்பிட்டார்கள். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது முதலாளி. பேனா என்று யாராவது வாய் திறந்தால் போதும், இவன் வாய் மூடாது.

எழுதுபொருள் கடையில் மலிவு விலை மைப்பேனாக்கள் பதினாறு வருடமாக அவன் பொறுப்பு. கண்ணாடி அலமாரிக்கு மேல் அவன் கையால் கட்டம் போட்டு எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. கார்ட்ரிட்ஜ் பேனா: மை அடைத்த சின்னக் குப்பி, மாற்றுவது சுலபம், மை கொஞ்சம். கன்வர்ட்டர் பேனா: உள்ளே உறிஞ்சு குழாய், எந்தப் புட்டி மையும் போடலாம், நிறைய எழுதுகிறவர்களுக்குச் சீக்கிரம் தீரும். பிஸ்டன் பேனா: பின்பக்கத்தைத் திருகினால் பேனாவே மையைக் குடிக்கும், கழுவ உட்கார்ந்தால் பொழுது போய்விடும். கடைசி, ஃபில்லர் பேனா: கழுத்தைக் கழற்றி, சொட்டுச் சொட்டாக உடம்புக்குள்ளேயே மை ஊற்றுவது. குழாயும் இல்லை, திருகும் இல்லை, உடம்பு முழுக்க மை. அதற்கு நேரே 'கசிவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அழுத்தி எழுதியிருந்தான்.

அந்த 'இல்லை' வந்த கதை சின்னது. பேனாவில் மையை முழுக்க நிரப்புவான். பத்து வரி எழுதுவான். செய்தித்தாள் மேல் தலைகீழாக இரண்டு உதறு உதறுவான். பிறகு கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவான். ஒரு பேனாவையாவது மை தீரும்வரை அவன் எழுதிப் பார்த்ததில்லை. வீட்டில் அவன் கைக்கு வருவது பால்பாயிண்ட். சட்டைப் பையில் சொருகியிருக்கும் கன்வர்ட்டர் பேனா, ஊர் பார்க்க.

அக்காள் கணவர் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி. ஒரு நாள் கடைக்கு வந்து, தன் பழைய கன்வர்ட்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

"மாப்ள, ஒரு பேர எழுதி முடிக்கறதுக்குள்ள மை தீந்துடுது. எதிர்ல நிக்கிறவங்க என் மூஞ்சியவே பாக்கறாங்க."

"ஃபில்லர் பேனா எடுங்க மாமா. ஒரு தடவ ஊத்தினா பத்து நாளைக்குத் திரும்பிப் பாக்க வேணாம்."

"ஒழுகாதே? ரெஜிஸ்டர் சமாசாரம்."

"ரெண்டு வருஷமா அதுலதான் எழுதறேன். ஒரு சொட்டு விழுந்தா என் பேர மாத்திக்கிறேன்."

"உனக்குத்தான் ஏற்கெனவே மாத்தி வச்சிருக்காங்களே" என்று சிரித்துவிட்டு வாங்கிப் போனார்.

பதினோராம் நாள் மாலை அக்கா போன் செய்தாள். "உடனே வா. மாமாவுக்கு ஏதோ எழுதணுமாம். உன் கையெழுத்துதான் வேணுமாம்."

போனான். அவர் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல் நுனி கருப்பு. இறப்புப் பதிவேட்டில், இறந்தவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய சொட்டு விழுந்து பெயரையே விழுங்கிவிட்டதாம். எதிரே நின்றது அந்த மனிதரின் மனைவி. "அவர் பேர் மேலயா விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டாளாம். இனி அந்த வரியை அடித்து, வேறு வரியில் எழுதி, மேலதிகாரி கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு எழுத்தரின் விளக்கக் கடிதம் வேண்டும். இருபத்தொன்பது வருடத்தில் அவர் யாருக்கும் விளக்கம் எழுதியதில்லை.

"இவன் குடுத்த பேனாதானே" என்றாள் அக்கா.

"பேனாவ ஏன் குத்தம் சொல்ற? இவன் ரெண்டு வருஷமா எழுதறான், ஒரு சொட்டு விழல. எனக்கு விழுதுன்னா கோளாறு யார்கிட்ட? நான்தான் இறுக்கிப் பிடிச்சிருப்பேன். எழுது மாப்ள, நான் சொல்றேன்."

உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவர் கண்ணாடியைத் துடைத்தார், அதற்குள் பத்து தடவை சொல்லியிருக்கலாம். அவன் பையிலிருந்த பேனாவை எடுத்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினான். 'என் கவனக்குறைவால்' என்ற இடத்தில் கை நிற்கும் என்று நினைத்தான். நிற்கவில்லை. முத்து முத்தாக வந்தது.

"பாரு, எப்படி எழுதறான்" என்றார் அவர், அக்காவிடம்.

காலையில் கடை திறந்ததும் அதே வகைப் பேனா ஒன்றை எடுத்து, கால் பங்கு மட்டும் மை ஊற்றி எழுத உட்கார்ந்தான்.

"என்ன புரொபசர், ஹோம்வொர்க்கா?" என்றார் முதலாளி.

மூன்றாம் பக்கத்தில் நிப்பின் நுனியில் ஒரு மணி திரண்டது. பார்த்துக்கொண்டே இருந்தான். விழுந்தது. மை குறைந்த பேனாவில் மிச்சமெல்லாம் காற்று. கைச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. இறுக்கிப் பிடித்தாலும் தளர்த்திப் பிடித்தாலும் அதுதான். ஒரே ஒரு பேனாவைக் கடைசிவரை எழுதியிருந்தால் பதினாறு வருடம் முன்பே தெரிந்திருக்கும்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு மாமாவின் அலுவலகத்துக்குப் போனான். அவர் தன் பழைய பேனாவில் எழுதிக்கொண்டிருந்தார். சுவரோரப் பெஞ்சில் ஒரு பெண் மடியில் பையோடு காத்திருந்தாள். கடிதம் இன்னும் மேசை ஓரத்தில்தான் கிடந்தது.

குனிந்து சொன்னான். "மாமா, அந்தப் பேனால நான் ஒரு நாள்கூட எழுதினதில்ல. அன்னிக்குச் சொன்னது பொய். இன்னிக்குக் காலையிலதான் எழுதிப் பாத்தேன். சொட்டுது."

அவர் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார்.

"நேத்து இந்த லெட்டர எழுதும்போது தெரியுமா?"

"நான் எழுதிப் பாத்ததில்லன்னு தெரியும்."

"ம்."

"நான் மேலதிகாரிகிட்ட வந்து சொல்றேன் மாமா. லெட்டர மாத்திடலாம்."

"என்னன்னு மாத்தறது? மச்சினன் பொய் சொன்னான்னா?" கடிதத்தை எடுத்து ஒரு முறை படித்தார். "உன் பேச்ச விசாரிக்காம நம்பினேன். அதுக்குப் பேரு கவனக்குறைவுதான். லெட்டர் சரியாத்தான் இருக்கு." கையெழுத்துப் போட்டுப் பியூனிடம் கொடுத்தார். இழுப்பறையிலிருந்து ஃபில்லர் பேனாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார். "இத எடுத்துட்டுப் போ."

பெஞ்சிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "இவர் யாரு சார்?"

"என் மச்சினன்மா. பேனாக் கடையில இருக்கான்."

"அப்போ சாருக்கு நல்ல பேனாவா ஒண்ணு குடுக்கக் கூடாதாப்பா?" என்றாள் அவள், கனிவாகத்தான். "பாவம், நேத்து மை விழுந்தப்போ என்னைவிட அவருக்குத்தான் முகம் செத்துப்போச்சு."

அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.

கடையில் அட்டையை இறக்கி, 'இல்லை'யை அடித்து, 'கால் பங்கு மைக்குக் கீழே சொட்டும்' என்று எழுதினான்.

"இப்படி எழுதினா எவன் வாங்குவான்?" என்றார் முதலாளி.

அவன் அட்டையைத் திரும்ப மாட்டினான். அட்டையின் மற்றக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவையும் அவன் கையெழுத்துதான். அவையும் முத்து முத்தாகத்தான் இருந்தன.