எட்டாத மணிக்கயிறு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை சுட்டது. போன வாரம் சித்தப்பாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். முதியவர்களின் உரிமைக்காக வாதாடும் அமைப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். வருகிறவர்கள் அறையைச் சுற்றிப் பார்ப்பார்கள். இவரோ செருப்பைக் கழற்றிவிட்டுச் சித்தப்பாவின் கட்டிலில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"நின்னு பார்த்தா எல்லாமே சரியாத்தான் இருக்கும். படுத்துப் பார்த்தாத்தான் எது எட்டும், எது எட்டாதுன்னு தெரியும்."

எனக்குக் கை பரபரத்தது. திரும்பும்போது பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'வாழ்வின் அந்தியில் நின்றிருந்த அந்த முதியவரின் கண்களில்...'

(அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். முப்பது வருஷம் மணிக்கயிறு இழுத்த கை. ஒரு தடவை இழுத்தால் வண்டி நிற்கும், இரண்டு தடவை இழுத்தால் கிளம்பும். இப்போது அவர் தலைமாட்டிலும் ஒரு கயிறு, உதவிக்குக் கூப்பிட.

ஆகா, பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன்.

போன வியாழக்கிழமை கண்டக்டர் கழிப்பறைக்குப் போகத் தனியாக எழுந்து விழுந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். இனிமேல் அவரைக் கட்டிலோடு பெல்ட் போட்டுக் கட்டிவைக்கலாம் என்கிறது இல்லம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மகள் வந்திருக்கிறாள்.

3

மகளை வில்லியாக்கப் பார்த்தேன், மசியவில்லை.

"அப்பா யாரையும் கூப்பிட மாட்டாரு, அவ்வளவு பிடிவாதம். இன்னொரு தடவ விழுந்தா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று அழுகிறாள்.

அந்த உரிமை அம்மாவையும் கதைக்குள் கொண்டுவந்தேன், அவர் கட்டிலில் படுத்துக் கையை நீட்டுகிறார். கயிறு ஒரு சாண் மேலே, திரைச்சீலைக் கம்பியில் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது.

"நாந்தான் கட்டினேன் மேடம்," என்கிறாள் நர்ஸ். "ஒரு தடவ இழுத்தா வெளிய லைட் எரியும், மறுபடி இழுத்தா அணைஞ்சிடும். இவரு எப்பவும் ரெண்டு தடவ இழுப்பாரு. வெளையாடுறாருன்னு நெனச்சேன். இருபத்திரெண்டு பேருக்கு நான் ஒருத்திதான்."

மகள் நிமிர்ந்து நர்ஸைப் பார்க்கிறாள். அப்பா கூப்பிட்டிருக்கிறார். கயிறு எட்டிய வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டிருக்கிறார்.

(இதை எழுதியபோது எழுந்து அறைக்குள் நடந்தேன். டீ ஆறிப்போனது.)

4

முடிவுகள். ஒன்று: மகள் படிவத்தைக் கிழிக்கிறாள். கைதட்டல். இரண்டு: பயத்தில் கையெழுத்துப் போடு...

இருங்கள். மகள் பேசிவிட்டாள், நர்ஸ் பேசிவிட்டாள், உரிமை அம்மா படுத்துக் காட்டிவிட்டார். கண்டக்டருக்கு ஒரு வரிகூட நான் கொடுக்கவில்லை. தலைமாட்டுச் சன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த அம்மா படுப்பதற்கு முன்னால் சித்தப்பாவிடம், "உங்க கட்டில்ல கொஞ்சம் படுத்துக்கலாமா?" என்று கேட்டார். சித்தப்பா தலையணையைத் தட்டிப் போட்டுக் கொடுத்தார். அதை நான் எழுதவில்லை, முக்கியமாகத் தோன்றவில்லை. கயிற்றை நானும்தான் மேலே கட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

5

முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கண்டக்டரின் கையில் கொடுத்தாயிற்று. அவருக்கு நான் வசனம் எழுதப் போவதில்லை. நர்ஸ் அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். படிவம் மகளின் மடியில் இருக்கிறது, பேனா திறந்திருக்கிறது.

கண்டக்டர் யோசித்து, ஒரே ஒரு தடவை இழுக்கிறார். விளக்கு எரிகிறது.

பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். போய், என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.