விலை போகாத கிடா

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. செம்மறிக் குட்டிகளில் எது கொழுகொழுவென்று வளர்கிறதோ அதை வியாபாரி ஓட்டிக்கொண்டு போவார். எதை அவர் வேண்டாம் என்று ஒதுக்குகிறாரோ அது பெட்டைகளுக்குக் கிடாவாகப் பட்டியில் நிற்கும். வருஷா வருஷம் இதே கதைதான். ஆடுகள் சிறுத்துக்கொண்டே போயின. என் வீட்டுக்காரர் தீவனத்தைத் திட்டுவார், மழையைத் திட்டுவார்.

கால்நடை டாக்டரம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "நல்ல குட்டிய வித்துட்டு நோஞ்சான வச்சுக்கிட்டா, பொறக்கறதும் நோஞ்சானாத்தான் இருக்கும்" என்றார். இவர் தலையைத் தலையை ஆட்டினார். டாக்டரம்மாவின் வண்டி தெருமுனை திரும்பியதும், "அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

அப்போது பட்டியில் நின்ற கிடாவுக்குப் பெயர் குள்ளன். தாய் செத்துப்போக, இவர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. இவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட முடியாது.

இந்தத் தடவை நானும் விடுவதாக இல்லை. என் அண்ணன் சினையாகக் கொண்டுவந்து விட்ட ஆடு ஒரு கிடாக்குட்டி போட்டு, அது நன்றாக வளர்ந்திருந்தது. அகலமான முதுகு, உறுதியான கால்கள். அதைப் பட்டியில் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

"என்னங்க, இத விக்க வேணாம்."

"உங்கண்ணன் குடுத்ததுன்னா தங்கமா?"

"குள்ளனோட பாத்தா இது தங்கந்தான்."

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

வியாபாரி வந்தார். இவர் குனிந்து குட்டியின் கயிற்றை அவிழ்த்தார். நான் தண்ணீர்ச் சொம்பை வியாபாரியிடம் நீட்டிவிட்டு, குட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

வியாபாரி குட்டியின் முதுகைத் தடவிப் பார்த்தார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இது கறிக்கில்லண்ணே. போன தடவ உங்ககிட்ட வாங்குனத எங்க வீட்டுலயே கிடாவா நிறுத்திட்டேன். அதுக்குப் பொறக்கற குட்டியெல்லாம் கன்னுக்குட்டி கணக்கா இருக்கு. இதையும் சேத்துக்கலாம்னு பாக்குறேன்."

"அப்ப எங்களுக்கு?"

"உங்களுக்குத்தான் குள்ளன் இருக்கானே."

இவர் சிரித்துவைத்தார். ஆனால் முகம் செத்துவிட்டது. ஒரு நிமிஷம் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவிழ்த்த கயிற்றை மறுபடியும் முளையில் கட்டினார்.

"இது வீட்டுக்கு வச்சிருக்கோம். வேற எதாச்சும் பாருங்க."

வியாபாரி எவ்வளவோ பேசிப் பார்த்தார். இவர் மசியவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

குள்ளனுக்குக் காயடிக்க டாக்டரம்மா வந்தார். இவர் அதன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "இனிமே உனக்கு ஒரு வேலையும் கெடையாதுடா, எங்கூடவே சுத்திக்கிட்டு இரு" என்று கொஞ்சினார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"நல்லத வித்துட்டு நோஞ்சான வச்சுக்கிட்டா எப்படிம்மா உருப்படும்? இவகிட்ட நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அண்ணன் வீட்டுக் குட்டி என் கையிலிருந்த தழையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

"ஆமாங்க, எனக்குத்தான் புரியல" என்றேன்.