சிங்க்கில் இருந்த துரு

எங்கள் சமையலறை சிங்க் வெள்ளை எனாமல் பூசிய பழைய இரும்புத் தொட்டி. குழாய் சொட்டுகிற இடத்திலிருந்து தண்ணீர் போகிற ஓட்டை வரைக்கும் செங்கல் நிறத்தில் ஒரு துருக்கறை. நாங்கள் குடிவந்த நாளிலேயே அது இருந்தது. பதினொரு வருடமாக அதன்மேல்தான் பாத்திரம் கழுவினோம். அதுவும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் அதை ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றார். "ஞாயித்துக்கிழமை என் பொண்ணக் கூட்டிட்டு வரேன். அந்த சிங்க்க அவளுக்குக் காட்டணும்."

சொல்லிவிட்டு மறுபடி மாடியேறிப் போய்விட்டார். மாசக் கடைசியில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. நான் தையல்காரி, முன்னறைதான் என் கடை. இந்தத் தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு எனக்கு மனப்பாடம். யாருக்கு எந்த வருடம் எவ்வளவு கூடியது என்பது உட்பட. வீடு போனால் பிழைப்பும் போச்சு. வேறு பேட்டைக்கு என்னைத் தேடிக்கொண்டு யாரும் துணி எடுத்து வரப் போவதில்லை.

"வீட்டப் பாழாக்கிட்டோம்னு மகள சாட்சிக்குக் கூட்டிட்டு வராங்க," என்றேன் கணவரிடம். "துணியில துரு பட்டா எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத்தான் எடுப்பேன். இதுக்கும் அதயே போட்டுப் பாக்கறேன்."

"இது துணி இல்ல," என்றார், பெரிய ரகசியத்தைச் சொல்வதைப் போல. "முதல்ல சாம்பிள் பாக்கணும்."

அவர் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நாள் முழுக்க மூடிகளில் நல்லது கெட்டது பார்த்துப் பிரிக்கிறவர் என்பதால், உலகத்தில் எல்லாவற்றுக்கும் மார்க் போடும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. கம்பி நாரை எடுத்து, கறைக்கு நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் தேய்த்தார். வட்டம் மட்டும் பளிச்சென்று வெளுத்தது. சுற்றியிருந்த கறை, அதுவரை இல்லாத பவிசோடு எழுந்து நின்றது.

"பாத்தியா?"

பார்த்தேன். சாட்சி சொல்ல வருகிறவளுக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படாது.

மறுநாள் அந்த வட்டத்துக்கும் அம்மை போட்டிருந்தது. கம்பித் துணுக்குகள் எனாமலில் ஒட்டி, ராத்திரியோடு ராத்திரியாகத் துருப்பிடித்து, புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தன. ஐயா அசரவில்லை. சாயங்காலம் கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட் புட்டியோடு வந்தார்.

"அத ஊத்துனா கறை போகும், கூடவே எனாமலும் போகும்," என்று புட்டியைப் பிடுங்கி வைத்தேன். "நீங்க போய்க் குழாய்க்கு வாஷர் மாத்துங்க. புண்ணியமாப் போகும்."

அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார். சொட்டுவது நின்றது. குறை சொல்லக் கூடாது.

வெள்ளியும் சனியும் மெஷினைத் தொடவில்லை. கறைமேல் உப்பைத் தூவி, எலுமிச்சை பிழிந்து, ஈரத் துணியைப் போர்த்தி அரைமணி நேரம் விடுவேன். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்துக் கழுவி, மறுபடி முதலிலிருந்து. ஊசி குத்திய விரல்களில் எலுமிச்சைச் சாறு இறங்கினால் எப்படி இருக்கும் என்று தரப் பரிசோதகர்களுக்குத் தெரியாது. பதினான்கு பழம் செலவானது. சனிக்கிழமை சாயங்காலம் சிங்க் முட்டை ஓடு போல வெளுத்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா மகளை நேரே சமையலறைக்கு இழுத்து வந்தார். "நீயே பாரு. இந்தக் கண்றாவில நீ பாத்திரம் கழுவுவியா?" என்று கையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றுவிட்டார்.

மகள் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தானேம்மா இருக்கு. இதச் சொல்லியா ரெண்டு வருஷமா என்ன இந்த வீட்டுக்குக் குடிவர வேணாம்னு தடுத்த?"

"துரு திரும்ப வராதுங்க. நான் கேரண்டி," என்றார் என் கணவர். யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே தொழில்நுட்பம் முழுவதையும் விளக்கினார், எல்லாம் அவரே செய்தது போல. எலுமிச்சம்பழம்கூட அவருடைய கண்டுபிடிப்பாகிவிட்டது.

வீட்டுக்காரம்மா என்னைக் கதவு மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "ஏம்மா, ஒன்ன யாரு தேய்க்கச் சொன்னா? இவ வந்தா மாப்பிள்ளையும் வருவாரு. மூணு வேளையும் மேல ஏறி வந்து சாப்பிட்டுட்டு எனக்கே புத்தி சொல்வாரு. இந்தக் கறையக் காட்டித்தான் தட்டிக் கழிக்கலாம்னு இருந்தேன். ஒங்களுக்கே இன்னும் மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துருப்பேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னு சொல்ல? பெத்த பொண்ணு எனக்கு வேணாம்னா?"

முன்னறையில் மகள் காலால் அடி வைத்து அளந்துகொண்டிருந்தாள். மெஷின் பக்கத்தில் வந்து நின்று, "கட்டில் இங்க சரியா இருக்கும்மா. மாசக் கடைசில வந்துடறோம்," என்றாள். வீட்டுக்காரம்மா சரி என்றார். வேறென்ன சொல்வார்?

அவர்கள் போனதும் கணவர், "அந்தப் பொண்ணு அசந்து போயிடுச்சு, பாத்தியா?" என்றார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. பதினொரு வருடத்தை என் கையாலேயே தேய்த்துக் கழுவிவிட்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு நர்ஸ் யூனிஃபார்மோடு வந்தாள். இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டுமாம். "அவசரமில்லக்கா. அடுத்த மாசம் வந்து வாங்கிக்கறேன்."

"இல்லம்மா, உக்காரு," என்றேன். "இப்பவே தச்சுக் குடுத்துடறேன்."