குழந்தைவேல் எஞ்சினை நிறுத்திய நாள்

குழந்தைவேலுக்குச் சந்தோஷம் வந்தால் உட்காரத் தெரியாது. அரியலூரில் 'குழந்தைவேல் அண்ட் கோ' என்று பலகை மாட்டி, பள்ளிக்கூடக் கட்டடமும் ஓடைப்பாலமுமாகக் கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு எண்பத்து நாலாம் வருஷம் முதன்முதலாகக் கொள்ளிடக் கரையில் ஒரு வேலை கிடைத்தது. அன்று அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை நடந்தே போய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "ஆத்து வேலைங்க, ஆத்து வேலை!" என்று சொல்லிக்கொண்டு போனார்.

விக்கிரமங்கலத்துக்குத் தெற்கே, வடிகால் ஓடை ஆற்றில் விழுகிற இடத்தில் மதகு கட்டவேண்டும். மதகு இல்லாத குறையால் வெள்ளக் காலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஓடை வழியாக ஏறிவந்து நெல்லை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் வேலையை ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வாரம், கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்த வீரம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். செந்துறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மண்வேலைக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"மொதலாளி, கரைக்குள்ள எதோ கத்துது. பூனக்குட்டி மாரியும் இருக்கு, குருவி மாரியும் இருக்கு."

கரையோரம் நின்ற புங்கமரத்தின் வேருக்கடியில் ஒரு பொந்து. குழந்தைவேல் வெள்ளை வேட்டியோடு மண்ணில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து மீசை வைத்த ஒரு முகம் அவரைப் பார்த்து உஸ்ஸென்று சீறியது. அதன் வயிற்றோரம் எலிக்குட்டிபோலச் சுருண்டு மூன்று குட்டிகள்.

"நீர்நாய்!" என்று எழுந்தவர், இஞ்சினீயர் அழகேசனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "தம்பி, நம்ம சைட்டுல நீர்நாய் குட்டி போட்டிருக்குய்யா!"

அழகேசனும் குனிந்து பார்த்தான். திருச்சியில் படித்துவிட்டு வந்தவன், நிதானமானவன். "மதகுச் செவுரு இங்கேருந்து தள்ளித்தான் வருதுங்க. ஆனா அஸ்திவாரப் பள்ளத்துக்குள்ள ஆத்துத் தண்ணி வராம போடுற சுத்துக்கரைக்கு மண்ணு இந்த இடத்துலதான் எடுக்குறதா இருந்தோம். அத மாத்தணும்."

"மாத்து."

"லாரி வர்ற வழியும் மாறும்."

"அதையும் மாத்து."

அன்றைக்கே மண் வெட்டும் இடம் மேற்கே புறம்போக்குத் திட்டுக்குப் போயிற்று. புங்கமரத்தைச் சுற்றி ஆற்றுப்பக்கம் மட்டும் திறப்பு விட்டு முள் கட்டினார்கள். வேலையாட்களோடு வந்த நாய்களைக் கொட்டகையில் கட்டிப்போடச் சொன்னார் குழந்தைவேல். தண்ணீர் இறைக்கிற எஞ்சினின் கழிவு ஆயிலை ஆற்றோரம் கொட்டுகிற வழக்கம் நின்றது, எல்லாம் டிரம்முக்குள். இத்தனையையும் அவர் யாரோ கல்யாணத்துக்குப் பந்தல் போடச் சொன்னதுபோலக் குதூகலமாகச் செய்துகொண்டிருந்தார்.

எல்லாருக்கும் அந்தக் குதூகலம் இல்லை. மீன் பிடிக்கிற செல்லமுத்து கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"இது வலையா மொதலாளி? கோழி கவுக்குற கூடைகூட இதுக்குத் தேவலாம். பொந்துல பொகையப் போட்டா அதுபாட்டுக்கு ஓடிப்போயிடும். நீங்க என்னடான்னா வேலி கட்டி வளக்குறீங்க."

"வலைக்கு நூல் வாங்கித் தர்றேன். பொகை மட்டும் வேண்டாம்."

"அது தெனமும் கிழிக்குமே. தெனமும் வாங்கித் தருவீங்களா?"

குழந்தைவேல் மடியிலிருந்து நூலுக்குப் பணத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி வேலியைப் பார்த்துவிட்டு, "மதகு கட்ட வந்தீரா, சர்க்கஸ் வைக்க வந்தீரா?" என்று கேட்டபோது குழந்தைவேல் சட்டென்று சொன்னார்: "மதகு கட்டத்தான் சார். சர்க்கஸ் எனக்கு முன்னாடியே இங்க இருந்துச்சு."

மாசியில் அஸ்திவாரப் பள்ளம் தயாராயிற்று. ஆற்றுத் தண்ணீர் உள்ளே வராதபடி மணல் மூட்டைகளை அடுக்கி, மண் போட்டு, பள்ளத்தைச் சுற்றிலும் ஒரு கரை எழுப்பியிருந்தார்கள். அடியிலிருந்து வருகிற ஊற்றை டீசல் எஞ்சின் இடைவிடாமல் இறைத்தது. ஒரு மாலையில் கான்கிரீட் போட்டு முடித்தார்கள். மறுநாள் விடிந்தபோது, மாசியில் யாரும் கண்டிராத மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஆற்றுக்காவல் பார்க்கிற லஸ்கர் நனைந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, மேலேயிருந்து கத்தினார்: "மருதையாறு ரெண்டு கரையும் தொட்டு வருதுய்யா! ஓடையெல்லாம் வந்து கொள்ளிடத்துல விழுது. மத்தியானத்துக்குள்ள இங்க ஏறிப்புடும்!"

அழகேசன் முழக்கோலை ஊன்றிப் பார்த்தான். "சுத்துக்கரைய இன்னும் ஒரு மொழம் ஒசத்தினா தப்பிச்சோம். இல்லேன்னா நேத்துப் போட்டதெல்லாம் ஆத்தோட போயிடும்."

உடனே ஆரம்பமாயிற்று. டிராக்டர் மூட்டைகளை இழுத்து வந்தது, எஞ்சின் தடதடத்தது, நூறு வாய்கள் ஒரே சமயத்தில் கூச்சலிட்டன. சேதி கேட்டு ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். செல்லமுத்துகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கினான். அவன் அண்ணனின் நெல் வயல் ஓடைக்கரையில்தான் இருந்தது.

அந்தக் களேபரத்தில் வீரம்மாள்தான் முதலில் பார்த்தாள். "அங்க பாருங்க! தாயி வெளிய வந்துருச்சு!"

புங்கமர வேரைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. தாய் நீர்நாய் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. ஆற்றில் இறங்கினால் சுழி இழுத்துக்கொண்டுபோகும். மேட்டில் ஊர் ஜனம். அதற்கு மிஞ்சியிருந்த ஒரே வழி, சுற்றுக்கரையின் வடபக்கத்து விளிம்பில் நடந்து அந்தப் பக்கத்து நாணல் மேட்டுக்குப் போவதுதான். அது கரைமேல் ஏறியது, பத்தடி வந்தது. எஞ்சின் குபுக்கென்று புகை விட்டதும் திரும்பி ஓடியது. மறுபடி வந்தது. மறுபடி ஓடியது.

குழந்தைவேல் அழகேசன் பக்கம் திரும்பினார்.

"எஞ்சின நிறுத்தினா என்னாகும் தம்பி?"

"ஊத்து ஏறும். பச்சைக் கான்கிரீட்டு, சிமிட்டி கரைஞ்சு போனாலும் போயிடும். கொஞ்ச நேரம்னா தாங்கும். ரொம்ப நேரம் தாங்காது."

"டிராக்டரு?"

"அதையும் நிறுத்தினா மூட்ட எப்படிங்க வரும்?"

பொந்துக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. இங்கிருந்தே தெரிந்தது. குழந்தைவேல் பள்ளத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பிறகு வாழ்நாளிலேயே அவர் மெல்லப் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினார்:

"நிறுத்துங்கப்பா. எல்லாத்தையும் நிறுத்துங்க."

எஞ்சின் இருமி அடங்கியது. அழகேசன் ஒரு நொடிதான் யோசித்தான். பிறகு கையை நீட்டி, மூட்டைக் குவியலிலிருந்து ஆற்றுப்பக்கத்துக் கரைவரை ஆட்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிறுத்தினான். "யாரும் நகரக்கூடாது. யாரும் பேசக்கூடாது. மூட்ட மட்டும் கை மாறணும்."

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மூட்டை கை மாறிக் கை மாறிப் போயிற்று. கரை தென்பக்கத்தில் சத்தமில்லாமல் வளர்ந்தது. வடபக்கத்தில் தாய் நீர்நாய், வாயில் குட்டியோடு, அத்தனை பேர் கண்ணுக்கும் நடுவே குடுகுடுவென்று ஓடி நாணலுக்குள் மறைந்தது. வரிசையில் நின்றவர்களின் முகமெல்லாம் மலர்ந்தது. வாய் திறக்க முடியாததால் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார்கள். அது திரும்பி ஓடி இரண்டாவதையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு பாதிக் கரை வந்தபோது ஈர மூட்டையில் கால் வழுக்கியது. குட்டி வாயிலிருந்து நழுவி, உருண்டு, பள்ளத்துக்குள் விழுந்தது.

"ஐயோ!" என்று வீரம்மாள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

பள்ளத்தில் முழங்கால் அளவுக்கு ஊற்று நிறைந்திருந்தது. குட்டி அதில் தவித்துக் கீச்சிட்டது. தாய் விளிம்பில் நின்று கீழே பார்ப்பதும் பல்லைக் காட்டிச் சீறுவதுமாக இருந்தது. யாரோ ஒருவன் ஏணியை நோக்கி நகர்ந்தான். குழந்தைவேல் அவனைக் கையால் தடுத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு தாமே ஏணியில் இறங்கினார். வேட்டி தண்ணீரில் குடைபோல விரிந்தது. ஒரு தடவை பிடித்தார், நழுவியது. இரண்டாம் தடவை பிடித்தபோது அது அவர் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. கத்தக்கூடாதே! அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, விரலும் குட்டியுமாக நின்றார். வீரம்மாள் கயிறு கட்டிய மண்கூடையை இறக்கினாள். குட்டியை அதில் விட்டதும் அவள் மெல்ல மெல்ல இழுத்து, விளிம்பில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். தாய் கூடைக்குள் தலையை விட்டது. கவ்வியது. ஓடியது.

நாணல் அசைந்து நின்றதும் கொள்ளிடக் கரையில் ஒரு கூச்சல் எழும்பியது பாருங்கள், மேட்டில் நின்ற லஸ்கரின் சைக்கிள் கீழே விழுந்தது.

"எஞ்சின போடு!" என்று பள்ளத்துக்குள்ளிருந்து குழந்தைவேல் கத்தினார். "டிராக்டர எடு! ஓடு ஓடு!"

பிறகு நடந்தது வேலையே அல்ல, திருவிழா. மழையில் பாட்டும் சிரிப்புமாக மூட்டைகள் பறந்தன. மத்தியானம் ஆறு ஏறி வந்து கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. சாயங்காலம் வடக்கு மூலை சரிந்து எஞ்சினைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. ஆனால் அதற்குள் வெள்ளம் வடிய ஆரம்பித்திருந்தது. கான்கிரீட்டில் ஓர் ஓரம் மட்டும் அரித்திருந்தது; அழகேசன் அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான்.

"எஞ்சின் போச்சேங்க," என்றான் அழகேசன்.

"போவட்டும்யா. பாத்தியா நீ அத? என்னா ஓட்டம்!" கட்டுப்போட்ட கட்டைவிரலை ஆட்டி ஆட்டி, பார்க்க வந்த அதிகாரியிலிருந்து டீக்கடைக்காரர்வரை எல்லாரிடமும் அவர் அதையே சொன்னார்.

செல்லமுத்துவின் வலை அதற்கப்புறமும் கிழிந்தது. அவன் வந்து சண்டை போட்டான். அவர் நூல் வாங்கிக் கொடுத்தார். அதோடு மதகு முடிகிறவரை ஆற்றோரக் காவலுக்கு அவனையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். "அந்தத் திருட்டுக் கழுதைங்களுக்கு நான் காவலா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அவன் தினமும் வந்தான். ஆனால் குட்டிகள் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கிய அன்று, சைட் ஆபீசுக்குச் சேதி சொல்ல மூச்சிரைக்க ஓடிவந்தவனும் அவன்தான்.

அடுத்த தையில் ஜெயங்கொண்டத்துப் பக்கம் ஓர் ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை வந்தது. கரை வேலமரங்களில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. அழகேசன் வேலைத் திட்டத்தைத் திருப்பிப் போட்டு, குஞ்சுகள் பறக்கிறவரை மறுகோடியிலிருந்து ஆரம்பித்தான். குழந்தைவேல் வேலமரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, ஒவ்வொரு கூடாக எண்ணிக்கொண்டிருந்தார். குடையெல்லாம் எச்சம். அவருக்கு அது தெரியவே இல்லை.