பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்

“தாடையை ஆட்டாதீங்கப்பா. கீறிடும்.”

“கோர்ட்டுக்குப் போறவன் தாடியோடவா போவான்? காதுக்குக் கீழ இன்னும் இருக்கு பாரு.”

ப்ரோனா சவரக்கத்தியைக் கிண்ணத்து வெந்நீரில் அலசிவிட்டு மறுபடி அவர் காதருகே கொண்டுபோனாள். அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை. மூன்று வாரமாக அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. நுரையீரலில் ஆரம்பித்தது எலும்பு வரைக்கும் போய்விட்டது. கோர்ட் இருப்பது பெல்ஃபாஸ்ட்டில், எழுபது மைலுக்கு அப்பால். அவள் தம்பி கீரன் அங்கே டை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பதினொரு மணிக்குத் தீர்ப்பு. ஆனாலும் மாலக்கி கோர்ம்லி காலையில் கண் விழித்ததும் கேட்டது வெள்ளைச் சட்டையும் சவரமும்தான்.

நர்ஸ் தெல்மா வந்து வலி மருந்துக் குழாயைச் சரிபார்த்துவிட்டு, சமையலறையில் ப்ரோனாவைத் தனியாக நிறுத்திச் சொல்லியிருந்தாள். “இன்னிக்கு, இல்லேன்னா நாளைக்கு. போன வாரமே போயிருக்கணும். எதையோ புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு மனுஷன்.”

எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கில்மோரன் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எழுபத்தைந்தாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு சனிக்கிழமை முன்னால், ஊர் பஸ் நிலையத்தின் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்தது. ஐந்து பேர் செத்தார்கள். மாலக்கியின் தம்பி யூஜின் அதில் ஒருவன். இருபது வயது. குண்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தவனும் அவன்தான். மறுநாள் காலை ரேடியோவில் அரசு அறிக்கை வந்தது. குண்டைக் கொண்டுவந்தவனே யூஜின் கோர்ம்லிதான், கையிலிருந்தபோது அது வெடித்துவிட்டது என்றார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று இரண்டுபட்டுக் கிடந்த அந்த ஊரில், உண்மையில் வைத்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தது ரேடியோ ஒன்றுதான். அது சொன்னதே நிலைத்துவிட்டது. எட்டு வருஷம் கழித்து மில் தெருச் சுவரில் நினைவுக்கல் பதித்தபோது அதில் நான்கு பெயர்கள்தான் இருந்தன.

மாலக்கி அந்த ஊரின் தபால்காரர். முப்பது வருஷம் அதே தெருக்களில் நடந்தார். செத்துப்போன மற்ற நால்வரின் வீட்டுக்கும் அவர்தான் கடிதம் போடுவார். சில வீடுகளில் கதவு திறக்கும், சில வீடுகளில் திறக்காது. ஒவ்வொரு டிசம்பரிலும் கல்லுக்கு முன்னால் மலர்வளையம் வைக்கும்போது அவர் எதிர்நடைபாதையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கிட்டே போனதில்லை. மற்ற நாட்களில் கடிதம் எழுதினார். வக்கீல்களுக்கு, அமைச்சர்களுக்கு, பிஷப்புக்கு, பத்திரிகைகளுக்கு. அவர் போட்ட கடிதங்களில் பாதிக்குப் பதிலே வரவில்லை. மீதிப் பாதியின் பலனாகத்தான் கோர்ட் அந்த விசாரணையை மறுபடி திறந்தது.

ப்ரோனாவுக்கு எட்டு வயதிருக்கும்போது, ஊர் நீச்சல் குளத்தில் உடை மாற்றும் இடத்தில் ஒரு பெண் அவள் துண்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “உங்க சித்தப்பன் வெச்ச குண்டுலதான் எங்க மாமா செத்தாரு” என்றாள். ப்ரோனா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா தபால்காரர் சீருடையோடு குளத்துக்கு வந்து, மரப்பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம் கழித்து போன் வந்தது. ப்ரோனா அதைப் போர்வை மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். கீரன் பேசவில்லை. தன் போனை அவன் எங்கோ உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். தூரத்தில் ஒரு பெண்குரல் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. நீதிபதி. பஸ் கண்டக்டர் ஒருவர் அந்த வாரமே கொடுத்த வாக்குமூலம் நாற்பத்தாறு வருஷம் ஒரு பெட்டியில் கிடந்ததைச் சொன்னார். யாரும் அதை விசாரணைக்குக் கொண்டுவரவில்லை என்றார். பிறகு யூஜினைப் பற்றிய பகுதிக்கு வந்தார்.

“யூஜின் கோர்ம்லி ஒன்று நாற்பது பஸ்ஸிலிருந்து வெறுங்கையோடு இறங்கினார். குண்டு அதற்கு முன்பே பெஞ்சுக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது. தன் வீட்டுக்குப் போகும் அடுத்த பஸ்ஸுக்காக அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதைத் தவிர அன்று அவர் வேறெதுவும் செய்யவில்லை. அவர் முற்றிலும் குற்றமற்றவர்.”

போனுக்குள் நாற்காலிகள் நகரும் ஓசை, யாரோ விசும்பும் ஓசை. மாலக்கி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, கேட்டுச்சா?” கீரனின் குரல் உடைந்திருந்தது.

“இன்னொரு தடவ சொல்லு.”

“குற்றமற்றவர்னு சொல்லிட்டாங்கப்பா. முற்றிலும்.”

“அது இல்ல. அதுக்கு முன்னால ஒண்ணு சொன்னாங்களே.”

“பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாரு. வேற எதுவும் செய்யல.”

“ஆமா,” என்றார் மாலக்கி. “அதைத்தானே நானும் சொன்னேன்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு ப்ரோனாவின் பக்கம் திரும்பினார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தது. “முப்பது வருஷம் தபால் போட்டிருக்கேன். இவ்வளவு லேட்டா வந்து சேந்தது இது ஒண்ணுதான்.”

டீ கேட்டார். சர்க்கரை நோய் என்று பத்து வருஷமாக அவருக்குச் சர்க்கரை கிடையாது. “ரெண்டு கரண்டி போடு. குவிச்சுப் போடு,” என்றார். அவளும் குவித்தே போட்டாள். மூன்று வாய் குடித்தார். தெல்மாவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். பக்கத்து வீட்டில் சொல்லச் சொன்னார். பால் வண்டிக்காரன் வந்தால் அவனிடமும் சொல்லச் சொன்னார். மதியம் வரை அவள் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தபடி இருந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஒன்றுதான்: “என்ன சொன்னாங்க?” கைகொடுத்தார்கள், அழுதார்கள், ஒருத்தி வாசலிலேயே மண்டியிட்டுவிட்டாள் என்று அவள் வந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நாலு மணிக்கு, கீரனின் கார் வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்ட பிறகு, மாலக்கி போய்ச் சேர்ந்தார். மகன் உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொள்ளும் வரை இருந்தார். ப்ரோனா எழுந்து போய், ஊர் வழக்கப்படி, உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் வீடு நிறைந்துவிட்டது. அக்கம்பக்கத்திலிருந்து நாற்காலிகளும் கோப்பைகளும் வந்தன. முன்னறையில் சவப்பெட்டி திறந்திருந்தது. சவரம் செய்த முகத்தோடும் வெள்ளைச் சட்டையோடும் அவர் கிடந்தார். கோழி சாண்ட்விச், ஹாம் சாண்ட்விச், பழ ரொட்டி என்று தட்டுகள் கை மாறிக்கொண்டே இருந்தன. இழவு வீடுதான். ஆனால் ப்ரோனாவுக்கு அது கல்யாண வீடு போலத் தோன்றியது. வந்தவர்கள் யாரும் “வருத்தமா இருக்கு” என்று ஆரம்பிக்கவில்லை. “கேட்டுட்டுத்தானே போனாரு?” என்றார்கள். “கேட்டுட்டுத்தான் போனாரு” என்று அவளும் கீரனும் மாறி மாறிச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல நிமிர்ந்தார்கள். டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட கதை அறை அறையாகப் போனது. பின்கட்டிலிருந்து கேட்டபோது அது நாலு கரண்டியாகியிருந்தது.

மூன்று மணிவாக்கில் வாசல்பக்கம் பேச்சு நின்றது. அமைதி நடைவழியில் பரவி முன்னறை வரை வந்தது. கீரன் எட்டிப் பார்த்துவிட்டு அக்காவின் முழங்கையைப் பிடித்தான்.

“இந்தம்மாவுக்கு இங்க என்ன வேலை?”

வாசலில் ஐரிஸ் பர்ன்சைட் நின்றிருந்தார். எழுபத்தெட்டு வயது. கோவிலுக்குப் போகும் நீலக் கோட்டு, கையில் துணி மூடிய தட்டு. அவர் கணவர் நோயல் அந்தக் காத்திருப்பு அறையில் செத்தவர்களில் ஒருவர். நினைவுக்கல் குழுவுக்கு நாற்பது வருஷமாக அவர்தான் தலைவி. எண்பத்து மூன்றில் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, “யூஜின் கோர்ம்லி பேரு கல்லுல ஏறுச்சுன்னா என் புருஷன் பேரைச் செதுக்கி எடுத்துருங்க” என்று சொன்னவரும் அவரே. மாலக்கியின் வீட்டுப் படியில் அவர் கால் வைத்ததே இல்லை.

“அக்கா, நான் போய் அனுப்பிச்சிடறேன்.”

ப்ரோனாவுக்கும் அதைச் சொல்லத்தான் வாய் வந்தது. வாசலுக்கு நடக்கும் அந்தப் பத்தடிக்குள் சொல்ல வேண்டியதை எல்லாம் அடுக்கிக்கொண்டாள். நீச்சல் குளத்துத் துண்டு உட்பட. கிட்டே போனபோது தட்டு நடுங்குவது தெரிந்தது. துணிக்கு அடியில் ரொட்டித் துண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அவள் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

“உள்ள வாங்க மிசஸ் பர்ன்சைட். முன்னறையில இருக்காரு.”

கூட்டம் விலகி வழிவிட்டது. ஐரிஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“முப்பது வருஷம் எங்க வீட்டுக்குக் கடுதாசி போட்டாரு,” என்றார், யாரையும் பார்க்காமல். “நான் திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டு, அவரு தெருமுனை தாண்டுற வரைக்கும் எடுக்க மாட்டேன். ஒரு கடுதாசிகூட மடங்கினதில்ல, நனைஞ்சதில்ல.”

பிறகு அறையை நோக்கித் திரும்பினார். இத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை சத்தம் வரும் என்று ப்ரோனா நினைக்கவில்லை. சமையலறையில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

“யூஜின் கோர்ம்லி பஸ்ஸுக்குக் காத்திருந்த பையன். அவன்மேல ஒரு தப்பும் இல்ல. நான் தப்பா நெனச்சேன். அதை ஊர்க் கூட்டத்துல சத்தமாச் சொன்னேன். அதனால இதையும் சத்தமாத்தான் சொல்லணும். இவரு உயிரோட இருக்கையில வந்து சொல்லியிருக்கணும். நேத்து சாயங்காலம் கோட்டு போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். வழியிலேயே சொல்லிட்டாங்க, போயிட்டாருன்னு.”

கீரன் சுவரோரமாக நின்றிருந்தான். அவன் கழுத்து சிவந்திருந்தது. என்ன செய்யப் போகிறானோ என்று ப்ரோனா தட்டோடு நின்றாள். அவன் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து பெட்டியின் தலைமாட்டில், குடும்பத்தார் உட்காரும் வரிசையில் போட்டான்.

“உட்காருங்க,” என்றான். “டீயில பால் எவ்வளவு ஊத்தட்டும்?”

“கொஞ்சமா, தம்பி.”

டீ வந்த பிறகுதான் ஐரிஸ் வந்த விஷயத்தைச் சொன்னார். காலையில் குழு கூடியதாம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்களாம்.

“கல் கொத்துறவரு வந்து பாத்தாரு. கீழ ஓரத்துல இடம் இருக்கு, ஒரே நாள்ல வெட்டிடலாம்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். ஓரத்துல வெட்டினா அப்புறமாச் சேத்த மாதிரி தெரியும். பழைய கல்லை எடுத்துட்டுப் புதுக் கல் வைக்கிறோம். அஞ்சு பேரும் எழுத்து வரிசைப்படி.” கோப்பையை மடியில் இறக்கிக்கொண்டார். “பி-யில பர்ன்சைட், அதுக்கடுத்து ஜி-யில கோர்ம்லி. உங்க சித்தப்பா என் நோயலுக்குப் பக்கத்துல வருவாரு.”

ப்ரோனா சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவினாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். வீட்டிலிருந்து கோவிலுக்கு அரை மைல். பிண ஊர்தி பின்னால் வெறுமனே உருண்டு வர, பெட்டி தோளில் போனது. முதலில் கீரனும் ப்ரோனாவும். அவள் அப்பாவின் கனத்தைத் தோளில் உணர்ந்தாள். கனம் அதிகமில்லை. நூறு கஜத்துக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள். பழைய தபால்காரர்கள் ஆறு பேர் கொஞ்சதூரம் சுமந்தார்கள்.

மில் தெருவில் திரும்பியதும் ப்ரோனாவின் கால் ஒரு கணம் நின்றது. தெருவின் இரு நடைபாதையிலும் ஆட்கள். கசாப்புக்கடைக்காரர் மேலங்கியோடு நின்றிருந்தார். கடைகளின் இரும்புக் கதவுகள் பாதி இறங்கியிருந்தன. பள்ளிக்கூடங்கள் இரண்டும், அவர்களுடையதும் இவர்களுடையதும், பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. சுவரில் கல் இல்லை. நான்கு திருகாணித் துளைகளும், மழை படாத வெளிறிய சதுரமும்தான் இருந்தன. அப்பா தொப்பியோடு நிற்கும் எதிர்நடைபாதையில் இன்று நிற்க இடமில்லை.

யாரோ ஒருவர் கைதட்டினார். ஒற்றைக் கைதட்டல், தயங்கித் தயங்கி. பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு தெரு முழுக்க. அது கோவில் மணியை அமுக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிப்போனது. ப்ரோனா தலையைக் குனியவில்லை. இரண்டு பக்கமும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஆள் மாற்றும் இடம் வந்தது. முன்பக்கத்தில் கீரன் மறுபடி தோள் கொடுத்தான். அவனுக்கு எதிர்த்தோள் கொடுக்க ஒருவன் கூட்டத்திலிருந்து இறங்கி வந்தான். ஐரிஸின் மகன் மெர்வின். குட்டையான, பருத்த ஆள். கோட்டுப் பொத்தான் வயிற்றில் இறுகியிருந்தது.

“நான் ஒரு கை புடிக்கலாமா?”

கீரன் பெட்டிக்கு அடியில் கையை நீட்டி மெர்வினின் தோளைச் சுற்றிப் பிடித்தான். மெர்வினும் அவன் தோளைப் பிடித்தான். பெட்டி அந்தப் பக்கமாகச் சரிந்தது. கீரன் மற்றவனைவிட ஒரு சாண் உயரம்.

அவன் முழங்காலை மடக்கிக்கொண்டான். பெட்டி மட்டமானது. அப்படியே, மடக்கிய காலோடு, மேடு முழுக்க நடந்தான்.