மூன்று அறையிலும் ஒரே தாழ்ப்பாள்

பல் டாக்டர்கள் நோயாளியைச் சாய்த்து உட்கார வைக்கிற நாற்காலி இருக்கிறதே, அதை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவள் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். கம்பெனி தரும் படிக்குள் அடங்குகிற லாட்ஜ்களில் தங்கித் தங்கி, ஒரு அறைக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. மெத்தை, விரிப்பு எல்லாம் அப்புறம். முதலில் கதவு.

அந்த முறை நாத்தனாரும் கூட வந்தாள். அதே ஊரில் மறுநாள் காலை அவளுக்கு நர்ஸ் வேலைக்கான தேர்வு. வீட்டில் சின்னு என்று கூப்பிடுவார்கள். யார் சிரித்தாலும் திருப்பிச் சிரிக்கிற ரகம். ஃபோனில் லாட்ஜைத் தேடிப் பிடித்ததும் சின்னுதான்.

"அண்ணி, இந்த வாடகைக்கு இப்படி ஒரு ரூமா! எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க பாருங்க."

"பூராவும் ஒரே வாரத்துல எழுதினது. ஒரு பொம்பளை பேரு கூட இல்லை, கவனிச்சியா?"

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்."

மதியம் போய் இறங்கினார்கள். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். பற்களுக்கு நடுவிலேயே பிழைப்பு நடத்துகிறவள் அதற்கெல்லாம் மயங்குவாளா? ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் தருவதாகச் சொல்லி, இருவரின் அடையாள அட்டைகளையும் வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டார்.

"ரெண்டு பேர் மட்டும்தானா மேடம்? கூட சார் யாரும் வரலையா?"

"எங்க வீட்டுக்காரர் சாயங்காலம் வந்துடுவாரு" என்றாள் அவள், கூசாமல். திருத்துவதற்காக வாயைத் திறந்த சின்னுவின் காலை மிதித்தாள்.

அறை பளிச்சென்று இருந்தது. வெள்ளை விரிப்பு, கறையில்லாத பேசின். சின்னு கட்டிலில் தொப்பென்று விழுந்தாள். அண்ணியோ குளியலறை ஜன்னலை ஆட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு கதவருகே வந்தாள். தாழ்ப்பாள் புத்தம் புதுசு. சின்னுவை வெளியே அனுப்பி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

"தள்ளு."

"தள்ளிட்டேன் அண்ணி."

"பூவைத் தொடற மாதிரி தொடாதே. தோளால இடி."

கதவு திறந்து சின்னு உள்ளே வந்து விழுந்தாள். சத்தம்கூட இல்லை. நிலையில் தாழ்ப்பாள் நுழைகிற இரும்புப் பட்டை, திருகாணிகளோடு பெயர்ந்து தொங்கியது. ஒவ்வொரு திருகாணியும் விரல் நக அளவுதான், நுனி வெட்டப்பட்டிருந்தது. மரத்திலிருந்த பெரிய ஓட்டைகளில் பசையை அடைத்து, அதில் அவற்றைச் செருகி வைத்திருந்தார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். "அடடா, இந்த ஒரு ரூம்ல மட்டும் அப்படி ஆகிப்போச்சு மேடம். பக்கத்து ரூம் தரேன்."

பக்கத்து அறையிலும் அதே கதை. அதற்கடுத்த அறையில் ஆள் இருப்பதாகச் சொன்னார். அது திறந்தே கிடந்தது. அங்கேயும் அதேதான். அப்போது எதிர் அறையிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவர் வெளியே வந்தார். அந்தக் கதவில் துருவேறிய பழைய தாழ்ப்பாள், நாலு நீளத் திருகாணிகளோடு மரத்தை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் சின்னுவை இழுத்துக்கொண்டு நேராக வரவேற்பு மேஜைக்கு நடந்தாள், மேனேஜர் முந்திக்கொண்டு ஓடினார்.

"எங்க கார்டைக் குடுங்க. கிளம்பறோம்."

மேனேஜரின் பல்லெல்லாம் மறைந்துவிட்டது. "கார்டை ஓனர் ரூம்ல வெச்சாச்சு. அவர் நாளைக்குத்தான் வருவாரு."

அட்டை இல்லாவிட்டால் சின்னுவைத் தேர்வறைக்குள் விட மாட்டார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. அட்டை டிராயரைத் தாண்டிப் போகவில்லை என்று அண்ணிக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் டிராயரை மறைத்துக்கொண்டு நின்றார். அந்நேரம் பார்த்து ஒரு பெரியவர் இரண்டு மகள்களோடு பெட்டியும் கையுமாக உள்ளே வந்தார்.

அண்ணி குரலை உயர்த்தினாள். "ஐயா, ரூம் எடுக்கறதுக்கு முன்னாடி உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டு, வெளியேருந்து ஒரு இடி இடிச்சுப் பாருங்க."

டிராயர் சட்டென்று திறந்தது. இரண்டு அட்டைகளும் மேஜைமேல் வந்து விழுந்தன. பெரியவர் மேனேஜரின் முகத்தைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கினார், நடையைக் கட்டினார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இன்னொரு லாட்ஜ் இருந்தது. சுவரெல்லாம் பெயின்ட் உரிந்த கட்டடம். முதலாளியம்மா அவர்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"பையில என்ன?"

"ஸ்பேனரு, ஸ்க்ரூ டிரைவரு. மெக்கானிக் வேலை."

"போன மாசம் இப்படித்தான் ஒருத்தன் பையோட வந்தான். காலைல பார்த்தா குழாயைக் காணோம். போறப்ப ரூம்ல இருக்கற சாமானை எண்ணிப் பார்த்துட்டுத்தான் விடுவேன்."

"அண்ணி, இந்தம்மாவைப் பார்த்தாலே பயமா இருக்கு" என்று சின்னு கிசுகிசுத்தாள்.

"இருக்கட்டும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடு."

இந்த முறை அவளே மூன்று தடவை தோளால் இடித்தாள். தோள்தான் வலித்தது.

"ஏம்மா, தங்க வந்தியா, கதவை உடைக்க வந்தியா?" என்று முதலாளியம்மா கத்தினாள்.

விரிப்பில் பழைய கறை, குழாயில் ஓயாத சொட்டு. அந்த அறையையே எடுத்துக்கொண்டு, சின்னுவை உள்ளே படிக்க வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போய் வந்தாள்.

மறுநாள் காலை தேர்வு மையத்தின் வாசலில் பெண்கள் கூட்டம். பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் சின்னு பேச்சுக் கொடுத்தாள். எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டால், அதே லாட்ஜின் பெயர் வந்தது.

"ரூம் நல்லாத்தான் இருக்கு. ஆனா விடியறப்ப மேனேஜர் கதவைத் திறந்துட்டு உள்ளேயே வந்துட்டாரு. நாங்க கத்தினதும், தண்ணி வேணுமானு கேக்க வந்தேன்னாரு. தாழ்ப்பாள் போட்ட மாதிரிதான் ஞாபகம். சரியா போடலை போல."

சின்னுவின் முகம் வெளுத்தது. "சரியாத்தான் போட்டிருப்பீங்க" என்றாள். "பரீட்சை முடிஞ்சதும் போயிடாதீங்க. இங்கேயே நில்லுங்க."

தேர்வு முடிந்ததும், அழைத்துப் போக வந்த அண்ணியும் சேர்ந்து நால்வருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வேண்டாவெறுப்பாக எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ், மூன்று அறையிலும் திருகாணியின் நுனி வெட்டியிருந்தது என்று அண்ணி சொன்னதும் பேனாவை வைத்தாள். ஜீப் கிளம்பிப் போய், மேனேஜரோடு திரும்பி வந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தாழ்ப்பாள் மாட்டினது தச்சன்."

"தண்ணி குடுக்க உள்ளே போனதும் தச்சன்தானா?" என்றாள் பெண் போலீஸ்.

சாயங்காலத்துக்குள் லாட்ஜுக்குப் பூட்டுப் போட்டார்கள்.

தேர்வைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது, பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது.

"எப்படிடி எழுதினே?"

"பாதி நேரம் அந்த ரெண்டு பேரும் போயிடக் கூடாதேன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன் அண்ணி" என்றாள் சின்னு. "பாஸ் ஆயிடுவேன்னு நெனைக்கிறேன்."